கறுப்புத் திரையில் கருநீல எழுத்து

இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் சர்வருக்குள் வீட்டிலிருந்தபடியே நுழைந்து, ஒரு கட்டமைப்புக் கோப்பை விம் எடிட்டரில் திறந்தேன். ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாற்றினேன், சேமித்தேன், சேவையை மறுபடி தொடங்கிவைத்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது: எதுவும் வேலை செய்யவில்லை.

அந்த எண்ணுக்கு நேர் மேலே, எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த யாரோ ஒருவர் அக்கறையாக இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். இதை மாற்றினால் இன்னொரு கோப்பிலும் அதே எண்ணை மாற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த இரண்டு வரிகளும் என் கண்முன்னேதான் இருந்தன, ஆனால் கறுப்புத் திரையில் கருநீல எழுத்தாக இருந்தன. தேடிப் பார்த்தபோதுகூட திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோன பிறகுதான் எழுத்துகள் பிரிந்து தெரிந்தன.

நிரலைப் படிக்கப்போகும் மனிதருக்காக எழுதும் குறிப்பைத்தான் கமென்ட் என்கிறோம். கணினி அதைத் தாண்டிப் போய்விடும். மனிதருக்கு மட்டுமே உரிய அந்த வரிகள் மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்படி? அன்றிரவு பிழையைச் சரிசெய்து முடித்ததும் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன். எடிட்டரில் நிறம் என்பது ரசனை சார்ந்த விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் கண்ணின் அமைப்பும் ஒளியின் கணக்கும் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

முதலில் அந்தக் கருநீலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். டெர்மினல் எனப்படும் எழுத்துத் திரைக்கு ஆதியில் எட்டே நிறங்கள்: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எண்கள். விம் போன்ற எடிட்டர் 'இந்தச் சொல்லை 4-ஆம் நிறத்தில் காட்டு' என்று சொல்லும். 4 என்றால் நீலம். ஆனால் எவ்வளவு நீலம் என்பதை எடிட்டர் சொல்வதில்லை, டெர்மினல்தான் முடிவு செய்யும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் அது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128 என்ற அடர்நீலம். வேறு டெர்மினல்களில் சற்றே பிரகாசமான நீலம். ஆக, நிறத்தைக் கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

விம் கமென்டுக்குக் கருநீலத்தைக் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. விம்மிடம் இரண்டு நிறத் தொகுதிகள் இருக்கின்றன: வெளிர் பின்னணிக்கு ஒன்று, கரும் பின்னணிக்கு ஒன்று. டெர்மினலின் பின்னணி என்ன நிறம் என்று அதனால் எப்போதும் கண்டுபிடிக்க முடிவதில்லை. முடியாதபோது வெளிர் பின்னணி என்று அனுமானித்துக்கொள்கிறது. வெள்ளைத் தாளில் கருநீல மை எவ்வளவு தெளிவு என்பது பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். அனுமானம் தவறாகிப் பின்னணி கறுப்பாக அமைந்துவிட்டால் அதே மை இருளில் கரைந்துவிடுகிறது.

எவ்வளவு கரைகிறது என்பதைக் கணக்காகவே சொல்ல முடியும். கண்ணுக்கு மூன்று அடிப்படை ஒளிகளும் சமமான வெளிச்சம் தருவதில்லை. கணினித் திரையின் முழு வெள்ளையை 100 என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டும்தான். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 0 முதல் 255 வரையுள்ள நிற எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இல்லை. 128 என்பது எண்ணில் பாதி, வெளிச்சத்திலோ 22 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே நீலம் 128 என்றால் 7-இல் 22 விழுக்காடு, அதாவது முழு வெள்ளையின் வெளிச்சத்தில் ஒன்றரை விழுக்காடு.

இணையத் தரங்களை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம், எழுத்தின் வெளிச்சத்தையும் பின்னணியின் வெளிச்சத்தையும் ஒப்பிட ஒரு விகிதத்தை வகுத்திருக்கிறது. கான்ட்ராஸ்ட் விகிதம் என்று அதற்குப் பெயர். இரண்டும் ஒன்றாக இருந்தால் 1, வெள்ளையும் கறுப்புமாக இருந்தால் 21. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் வைத்த எல்லை. இப்போது அந்தக் கருநீலத்தை அளந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் அதற்கு 16. கறுப்புப் பின்னணியில் 1.3. நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு பக்கம் அச்சுப் புத்தகத்துக்கு இணையான தெளிவு, மறுபக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

மற்ற நிறங்களையும் கறுப்புக்கு எதிராக வைத்துப் பார்த்தேன். முழு மஞ்சள் 19.6. முழுப் பச்சை 15.3. முழுச் சிவப்பு 5.3. 255 வரை ஏற்றிய முழு நீலம்கூட 2.4-தான். கறுப்புத் திரையில் தூய நீலத்தை எவ்வளவு முறுக்கினாலும் அது வாசிப்புக்குரிய எழுத்தாக ஆகாது. அதில் வெள்ளையைக் கலந்து வெளிற வைத்தால்தான் உண்டு.

மைக்ரோசாஃப்டும் 2017-இல் இதை ஒப்புக்கொண்டு செயல்பட்டது. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தின் பழைய நிறங்கள் இன்றைய திரைகளுக்குப் பொருந்தவில்லை, குறிப்பாகக் கருநீலம் படிக்க முடியவில்லை என்று சொல்லிப் புதிய நிறத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் கருநீலம் என்பது சிவப்பு 0, பச்சை 55, நீலம் 218. கொஞ்சம் பச்சையைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் வர முடியும். அப்படியும் தூய கறுப்பின் மேல் விகிதம் 2.6 அளவில்தான் நிற்கிறது.

வெளிச்சக் கணக்கு போதாதென்று, நீலத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. விழித்திரையில் நிறத்தை உணர்பவை கூம்புச் செல்கள். அவை மூன்று வகை. நீலத்துக்கான வகை மொத்தக் கூம்புகளில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. நாம் ஓர் எழுத்தை நேராகக் குறிவைத்துப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழும் நட்டநடுப் புள்ளியில் அந்த வகை அநேகமாக இல்லவே இல்லை. சிவப்புக்கும் பச்சைக்குமான கூம்புகள்தான் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. எழுத்தின் வளைவு, புள்ளி, கொம்பு, கால் என்று நுணுக்கங்களைப் பிரித்தறியும் வேலை அவற்றுடையது. 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் உள்ள வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடுதான் காட்டுகிறது. நிற வேறுபாடு அதற்கு உதவாது.

நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: கண் வாசிப்பது வெளிச்ச வேறுபாட்டால். நிறத்தால் அது செய்வது வேறொரு வேலை, தேடுவது.

தேடுவது என்றால் எப்படி? நூறு பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தால் கண் அதைத் தேடிப் போவதில்லை, அதுவே வந்து முன்னால் நிற்கும். பச்சைப் புள்ளிகள் இருநூறு ஆனாலும் பிடிக்கும் நேரம் கூடுவதில்லை. உளவியலாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலேடும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்கியது. ஆனால் சிவப்பு, வட்டம் என்று இரண்டு பண்புகள் சேர்ந்த ஒன்றை, சிவப்புச் சதுரங்களும் பச்சை வட்டங்களும் கலந்த கூட்டத்தில் தேடச் சொன்னால் கதை மாறுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கூட்டம் கூடக்கூட நேரமும் கூடும்.

இதை எடிட்டருக்குப் பொருத்திப் பாருங்கள். பன்னிரண்டு நிறங்கள் மின்னும் திரையில் எந்த நிறமும் முன்னால் வந்து நிற்காது. திருவிழாக் கடைவீதியில் எல்லாக் கடையிலும் சீரியல் விளக்கு எரிந்தால் எந்தக் கடையையும் தனியாக அடையாளம் காண முடியாது, அப்படித்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிறத் தொகுதிகளில், அதாவது தீம்களில், பெரும்பாலானவை இந்த வகை. பார்க்க அழகாக இருக்கின்றன, தேட உதவுவதில்லை.

சரி, எந்தச் சொல்லுக்கு எந்த நிறம் என்று எடிட்டருக்கு எப்படித் தெரிகிறது? ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எனவே இது ஓடக்கூடிய வரிதான்:

விலை = 250  # வரி சேர்க்காத விலை

எடிட்டர் இதை இடமிருந்து வலமாகப் படித்துத் துண்டு போடுகிறது. எழுத்துகளாலான தொடர் என்றால் பெயர். இலக்கங்களின் தொடர் என்றால் எண். '#' என்ற குறி வந்தால் அங்கிருந்து வரி முடியும்வரை கமென்ட். இப்படி வடிவத்தைக் கொண்டு அடையாளம் காணும் சூத்திரங்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். ஒவ்வொரு நிரல்மொழிக்கும் இத்தகைய சூத்திரங்கள் அடங்கிய ஓர் இலக்கணக் கோப்பு எடிட்டரோடு வருகிறது. அது துண்டுகளுக்குப் பெயர் சூட்டும்: இது கமென்ட், இது எண், இது மேற்கோள் சரம். எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பதை இன்னொரு கோப்பு சொல்லும், அதுதான் தீம். பெயர் சூட்டுவதும் நிறம் பூசுவதும் தனித்தனி வேலைகள். இலக்கணத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் நம் விருப்பப்படி மாற்ற முடிவது இதனால்தான்.

இந்த இலக்கணக் கோப்புகளில் தமிழ் நிரலாளர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விம்மில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்பதற்கான சுருக்கக்குறி ஆங்கில அகரவரிசை, இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே குறிக்கும். அந்தக் குறியை நம்பி எழுதிய இலக்கணத்தில் தமிழ்ப் பெயர் வைத்த மாறியோ சார்போ நிறம் பெறாமல் வெறுமனே நிற்கும். நிரல் சரியாக ஓடும், நிறம் மட்டும் வராது. தமிழில் பெயர் வைத்துப் பழகும் மாணவர்கள் தங்கள் நிரலில் பிழை என்று இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எழுதும்போதே நிரலைப் புரிந்துகொண்டு நிறம் காட்டும் எண்ணத்துக்கு நாற்பது ஆண்டு வயது. 1985-இல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக் கௌலிஷா, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குள் கொண்டுவரும் பணிக்காக லெக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். ஓர் அகராதிப் பதிவில் தலைச்சொல், உச்சரிப்பு, சொற்பிறப்பு, பொருள், மேற்கோள் என்று பல அடுக்குகள் உண்டு. அவற்றைத் தட்டச்சு செய்யச் செய்ய இனம் பிரித்து வேறு வேறு நிறத்திலும் எழுத்துருவிலும் காட்டியது அது. நிரலாளர்கள் இன்று அனுபவிக்கும் வசதியின் முன்னோடிகளில் ஒன்று ஓர் அகராதி வேலைக்காகப் பிறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பிராம் மூலனார் எழுதிய விம் முதலில் வெளியானது 1991-இல். அதற்கு நிறம் வந்தது 1998-இல், ஐந்தாம் பதிப்பில்.

பின்னர் 2018 வாக்கில் ட்ரீ-சிட்டர் என்ற கருவி பரவலானது. சூத்திரத்தால் வரி வரியாக ஊகிக்காமல், முழுக் கோப்பையும் இலக்கண மரமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் ஓர் எழுத்தை மாற்றினால் மரத்தின் அந்தக் கிளையை மட்டும் மறுபடி கணக்கிடும். ஒரே சொல் ஓரிடத்தில் சார்பின் பெயராகவும் இன்னோரிடத்தில் மாறியாகவும் இருந்தால் அதற்கு வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு நிறம் பூசுவதால் நிரல் எளிதில் புரிகிறதா? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2015-இல் அட்வைத் சர்க்கார் கண் அசைவைப் பதியும் கருவியோடு 10 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நிறம் இருந்தபோது அவர்கள் விரைவாக விடை கண்டார்கள். அனுபவம் கூடியவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது. 2018-இல் ஜெர்மனியில் 390 மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், நிறத்தால் புரிதல் மேம்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் நிறமே வேண்டாம் என்பவர். அவர் உருவாக்கிய ஆக்மி எடிட்டரில் நிரல் முழுதும் ஒரே நிறம்தான்.

நான் ராப் பைக் பக்கம் முழுமையாகப் போக மாட்டேன். ஆனால் இந்த முடிவுகளில் எனக்கு வியப்பில்லை. காரணம், வழக்கமான தீம்கள் நிறத்தைத் தவறான இடத்தில் செலவழிக்கின்றன. 'இஃப்', 'ஃபார்', 'ரிட்டர்ன்' போன்ற கீவேர்டுகளைத்தான் அவை பளிச்சென்று காட்டும். இந்தச் சொற்களை ஆறு மாதம் நிரல் எழுதிய யாரும் நிறமில்லாமலே அடையாளம் காண்பார்கள். சொல்லே சொல்லிவிடும் செய்தியை நிறமும் ஒருமுறை சொல்வதால் என்ன கிடைக்கிறது? சொல் சொல்லாத ஒன்றை நிறம் சொல்ல வேண்டும்.

அப்படி அது சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பைத்தானில் பல வரி நீளும் சரத்தை மூன்று மேற்கோள் குறிகளால் திறந்து மூன்றால் மூட வேண்டும். மூட மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த வரியிலிருந்து கோப்பின் கடைசிவரை அத்தனையும் சரத்தின் நிறத்துக்கு மாறிவிடும். திரை முழுக்கப் பச்சை கொட்டிக் கிடப்பதைப் பார்த்த கணமே விரல் பின்னோக்கிப் போகும். ஓட்டிப் பார்த்துப் பிழைச்செய்தி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதேபோல, அடுக்கடுக்காக வரும் அடைப்புக்குறிகளில் எது எதற்கு இணை என்பதை வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விஎஸ் கோடு எடிட்டர் 2021-இல் அடைப்புக்குறி இணைகளுக்குத் தனித்தனி நிறம் தரும் வசதியை உள்ளேயே சேர்த்தது. நிறத்துக்கு அது நல்ல வேலை.

கமென்டுக்கு வருகிறேன், என் மனக்குறை அங்கேதான். அநேகமாக எல்லாத் தீம்களும் கமென்டை மங்கலாக்குகின்றன. 2006-இல் நெதர்லாந்து வடிவமைப்பாளர் விமர் ஹாசன்பெர்க் உருவாக்கிய மோனோகாய் உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. அதில் கமென்டின் நிறம் பழுப்புச் சாம்பல். அந்தக் கரும் பின்னணியில் அதன் விகிதம் 3. நிரலின் மற்ற பகுதிகள் எல்லாம் பளபளக்க, மனிதர் மனிதருக்கு எழுதியது மட்டும் நிழலில் இருக்கிறது.

சோலரைஸ்டு என்ற தீமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நான் கண்ட மிகக் கவனமான வேலை அது. 2011-இல் ஈதன் ஸ்கூனோவர் வெளியிட்டார். மொத்தம் 16 நிறங்கள்: பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும் எட்டு, அழுத்தம் தர எட்டு. சாதாரண நிறத்தேர்வுக் கருவியில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஒரே 'லைட்னஸ்' எண்ணைக் கொடுத்தால் மஞ்சள் கண்ணைக் கூச வைக்கும், நீலம் இருண்டு கிடக்கும். மனிதக் கண் எப்படி உணர்கிறது என்பதை அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை. சர்வதேச ஒளியியல் ஆணையம் 1976-இல் வகுத்த லேப் என்ற அளவுமுறை அதைக் கணக்கில் எடுக்கிறது. ஸ்கூனோவர் அந்த அளவுமுறையில் நின்று நிறங்களைத் தேர்ந்தார். எட்டு அழுத்த நிறங்களின் வெளிர்மையும் 50-க்கும் 60-க்கும் இடையில் அடங்கும். அதனால் எந்த நிறமும் மற்றதை அமுக்கிக்கொண்டு கத்துவதில்லை. வெளிர் பின்னணிக்கும் கரும் பின்னணிக்கும் அதே எட்டு நிறங்கள் அப்படியே பொருந்துகின்றன. வெளிச்சத்தை முதலில் தீர்மானித்து நிறத்தைப் பிறகு தேர்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்தத் தீமிலும் கமென்டை அளந்தேன். கரும் வடிவத்தில் எழுத்து 88, 110, 117. பின்னணி 0, 43, 54. விகிதம் 2.8. கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் தெரிந்தே எடுத்த முடிவுதான் இது. இளம் கண்ணுக்கு, நல்ல திரையில், மங்கலான அறையில் இது போதும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு, ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் போதாது. இந்த ஓர் இடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை.

கமென்டை மங்கலாக்குவோர் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். நிரலைப் படிக்கும்போது கமென்ட் குறுக்கே நிற்கிறது, பழைய கமென்டுகள் பொய் சொல்கின்றன என்பார்கள். பொய் சொல்லும் கமென்ட் கண்ணில் பட்டால்தான் யாராவது திருத்துவார்கள். மறைத்து வைத்தால் அது பொய்யாகவே இருந்துவிடும். அதனால்தான் என் எடிட்டரில் முதலில் மாற்றியது கமென்டின் நிறத்தை.

மாற்றுவது கடினமான வேலையும் அல்ல. விம்மில் பின்னணி கறுப்பு என்று ஒரே வரியில் சொன்னால் போதும். 'செட் பேக்ரவுண்ட்' என்று தொடங்கும் அந்த வரியை விம்மின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் கருநீலம் போய் வெளிறிய நீலமோ சயானோ வந்துவிடும். அந்த இரவில் இந்த ஒரு வரி அந்தச் சர்வரில் இருந்திருந்தால் போன் வந்திருக்காது. குறிப்பிட்ட நிறமே வேண்டும் என்றால் 'ஹைலைட்' கட்டளையால் கமென்டுக்கு மட்டும் தனியாக நிறம் கொடுக்கலாம். விஎஸ் கோடில் பிடித்த தீமை அப்படியே வைத்துக்கொண்டு, செட்டிங்ஸ் கோப்பில் 'டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்ற பகுதியில் கமென்டின் நிறத்தை மட்டும் எழுதலாம். ஏதோ ஒரு சொல் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியவில்லையா? கட்டளைப் பட்டியலில் 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ்' என்பதைத் தேர்ந்து அந்தச் சொல்லின் மேல் கர்சரை வையுங்கள். எடிட்டர் அதற்குச் சூட்டியிருக்கும் பெயரையும், நிறம் எந்த விதியிலிருந்து வந்தது என்பதையும் காட்டிவிடும். ஈமாக்ஸ் எடிட்டரில் இதே வேலையை 'டிஸ்க்ரைப் ஃபேஸ்', 'கஸ்டமைஸ் ஃபேஸ்' என்ற இரண்டு கட்டளைகள் செய்கின்றன.

கமென்டைச் சாய்வெழுத்தில் காட்டுவதும் பல தீம்களின் வழக்கம். தமிழில் கமென்ட் எழுதுகிறவர்கள் இதை அணைத்துவிடுவது நல்லது. ஆங்கில எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாக வரைந்து செய்யப்படுகிறது. தமிழுக்கு அப்படி வரையப்பட்டவை அரிது. எடிட்டர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டும். கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தோடு மோதிக்கொள்ளும்.

நிறத்தேர்வில் இன்னும் ஒருவரை மறக்கக் கூடாது: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12-இல் ஒருவர் இப்படி. மற்ற இனங்களில் குறைவு என்றாலும் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருக்கக்கூடும். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, நிரலில் நீக்கிய வரிகளைச் சிவப்பிலும் சேர்த்த வரிகளைப் பச்சையிலும் காட்டும் திரையைப் பார்த்து, "அண்ணே, எனக்கு ரெண்டும் ஒரே களிமண் கலர்தான். முன்னால இருக்கற பிளஸ், மைனஸ் வச்சுத்தான் படிக்கிறேன்" என்றான். மூன்று ஆண்டு ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அன்று மாலையே அவன் திரையில் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சும் பச்சைக்குப் பதில் நீலமும் வைத்தோம். கிட்ஹப் தளமும் இத்தகைய பார்வை உள்ளவர்களுக்காக இதே ஆரஞ்சு, நீலத் தீமை வைத்திருக்கிறது. நிறத்தோடு கூடவே ஒரு குறியும் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பியிடம்தான் கற்றேன். பிழைக்குச் சிவப்பு மட்டும் போதாது, அடியில் வளைகோடும் வேண்டும்.

கறுப்புப் பின்னணியா, வெள்ளைப் பின்னணியா என்ற சண்டையில் நான் அதிக நேரம் செலவிடப்போவதில்லை. டுசெல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனைகளில் வெள்ளைமேல் கறுப்பு எழுத்தே வாசிப்புக்குக் கூர்மை தந்தது, இளையோருக்கும் முதியோருக்கும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது, சுருங்கினால் பிம்பம் கூர்மையாகிறது. அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து ஒளிவட்டம் கட்டியதுபோல் கசிந்து தெரியலாம். பகலில் வெளிர் பின்னணி, இருட்டு அறையில் கரும் பின்னணி என்று நான் மாற்றிக்கொள்கிறேன். இரண்டிலும் கமென்டின் விகிதத்தைத் தனித்தனியாக அளந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 16 இருப்பது மற்றொன்றில் 1.3 ஆகும் என்று பார்த்தோமே.

என் இரவுத் திரையில் இப்போது பின்னணி 30, 30, 30. சாதாரண எழுத்து 210, 210, 210, விகிதம் 11. கீவேர்டுகளுக்கும் மாறிகளுக்கும் அதே நிறம்தான், தனி நிறமில்லை. சரத்துக்கு ஒரு மென்பச்சை. பிழைக்கு ஆரஞ்சும் வளைகோடும். கமென்டுக்கு மஞ்சள்: 230, 200, 110. அதன் விகிதம் 10.2. கோப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது யாரோ எனக்காக எழுதி வைத்த வரிதான்.

உங்கள் எடிட்டரில் கமென்டின் நிற எண்ணையும் பின்னணியின் நிற எண்ணையும் இன்றே எடுத்துப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் விகிதம் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 4.5-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.